பால் வற்றிய மரமும் பயன் தரும்

(‘மரத் தொழிலும் அரசாங்க ஆதரவும்’ என்னும் பொருளில் தோட்டப் பாட்டாளிகளுக்கு ஆற்றிய உரை)

 

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பது பழமொழி. நம் நாட்டின் ரப்பர் மரத்தைப் பற்றி இவ்வாறு சொல்ல நெடுங்காலம் இயலவில்லை. 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் சுரந்து, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்ட மரம், வெட்டி வீழ்த்தப்பட்டதும் வெறும் விறகாகவே மதிக்கப்பட்டது. இன்று அதே மரம் பலகையாகி, நாற்காலியாகவும் மேசையாகவும் கட்டிலாகவும் உருப்பெற்றுக் கடல் கடந்து செல்கின்றது. இம்மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. ஆராய்ச்சியாளரின் உழைப்பும், தொழில் முனைவோரின் ஊக்கமும், அரசாங்கத்தின் கொள்கையும் ஒன்றுசேர்ந்தே இதனை நிகழ்த்தின.

ஆயினும் அந்த மரத் தொழில் இப்போது இடர்ப்பட்டு நிற்கின்றது. ரப்பரைக் கொண்டு பொருள் செய்யும் தொழிற்சாலைகளும் அண்மை ஆண்டுகளில் தளர்ச்சி கண்டன. நலிந்த தொழிலுக்கு அரசாங்கம் எவ்வாறு கைகொடுத்தது, அவ்வுதவி எங்கே பயன் தந்தது, எங்கே குறைபட்டது, அதில் நமக்குள்ள பங்கு யாது என்பனவற்றை இன்று ஒன்றாக அமர்ந்து சிந்திப்போம். ‘ஆலைக்காரர்களின் சிக்கல் நமக்கு எதற்கு?’ என்று எவரேனும் எண்ணலாம். ஆலையில் செய்யப்படும் நாற்காலியின் வேர் நமது தோட்டத்தில் இருக்கின்றது. வேரும் கிளையும் ஒன்றைவிட்டு ஒன்று வாழா. நாம் சொல்லவிருக்கும் செய்தியின் சாரமும் இதுவே.

விறகாக எரிந்த மரம்

ரப்பர் பலகை வெளிர் நிறமுடையது. இழைப்பதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் ஏற்றது. ஆனால் அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆகையால் வீழ்த்திய சில நாள்களிலேயே பூசணம் பற்றி நீலக் கறை படரும். வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். மெரந்தியும் செங்காலும் காடுகளில் தாராளமாகக் கிடைத்த காலத்தில், இத்தகைய மரத்தைப் பலகையாக்க எவரும் முன்வரவில்லை. அது ரப்பர்த் தகடுகளைப் புகையிடும் கூடங்களிலும் செங்கற் சூளைகளிலும் எரிந்தது. 1960களின் பிற்பகுதியில் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, ரப்பர் மரக் கரியைக் கொண்டு இரும்பு உருக்கியது. அந்நாளில் பால் வற்றிய மரத்துக்குக் கிடைத்த பெரிய மதிப்பு அதுவேயாகும்.

இந்நிலையை மாற்றியது அறிவியல். 1929-இல் கெப்போங்கில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் உட்படப் பல இடங்களில் நடைபெற்ற ஆய்வுகள், ரப்பர்ப் பலகையைக் காக்கும் வழியைத் தெளிவாக்கின. அம்முறை இதுதான்: அறுத்த பலகைகளைக் காலம் தாழ்த்தாமல் ஓர் இரும்பு உருளையினுள் அடுக்கிக் காற்றை வெளியேற்றுவர்; பிறகு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு பலகையின் உள்ளே செலுத்துவர்; இறுதியில் வெப்பக் காற்று வீசும் அறையில் வைத்து ஈரம் போக உலர்த்துவர். இவ்வாறு பதப்படுத்திய பலகையைப் பூசணமும் வண்டும் எளிதில் அண்டுவதில்லை. விறகுக்கும் பலகைக்கும் இடையே இருந்தது இந்தப் பக்குவம் ஒன்றுதான்.

அரசாங்கம் வகுத்த வழி

பக்குவம் தெரிந்தால் மட்டும் தொழில் வளர்ந்துவிடாது. மூலப்பொருள், முதல், சந்தை ஆகிய மூன்றும் வேண்டும். இங்கேதான் அரசாங்கத்தின் கொள்கை துணைநின்றது.

1973-இல் மலேசிய மரத் தொழில் வாரியம் அமைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே தீபகற்ப மலேசியாவிலிருந்து குறிப்பிட்ட சில வகை மரக்கட்டைகளை அப்படியே ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. 1985-இல் அத்தடை எல்லா மரக்கட்டைகளுக்கும் விரிந்தது. கட்டையாக விற்றால் ஒரு முறைதான் காசு. பலகையாக்கி, பொருளாக்கி விற்றால் ஒவ்வொரு படியிலும் வேலையும் வருவாயும் பெருகும் என்பதே அதன் நோக்கம்.

அந்த 1985-ஆம் ஆண்டு நம் நாட்டுக்குச் சோதனை மிகுந்த ஆண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஈயம், ரப்பர், செம்பனை எண்ணெய் ஆகியவற்றின் விலைகள் வீழ்ந்தன. நாட்டின் மொத்த உற்பத்தியே முந்திய ஆண்டைவிடச் சுருங்கியது. மூலப்பொருளை மட்டும் நம்பியிருக்கும் நாடு உலகச் சந்தையின் காற்றுக்கெல்லாம் ஆடும் என்னும் பாடத்தை அது கற்பித்தது. 1986-ஆம் ஆண்டு முதல் 1995 வரைக்கும் வகுக்கப்பட்ட முதலாவது தொழிற்பெருந்திட்டம், மரம் சார்ந்த தொழிலை வளர்க்கத்தக்க துறைகளுள் ஒன்றாகக் கொண்டது. 1986-இல் இயற்றப்பட்ட முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம், முன்னோடித் தகுதி பெற்ற தொழிற்சாலைகளுக்குச் சில ஆண்டுகள் வரிச் சலுகை அளித்தது. 1995-இல் கோலாலம்பூரில் அனைத்துலகத் தளவாடக் கண்காட்சி தொடங்கப்பெற்று, வெளிநாட்டு வணிகர்கள் நம் பொருளைத் தேடி வரலாயினர்.

அறுத்த ரப்பர்ப் பலகை வெளிநாட்டுக்குச் சென்றுவிடாமல் உள்நாட்டு ஆலைகளுக்கே கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஏற்றுமதி வரியும் அளவுக் கட்டுப்பாடும் வெவ்வேறு காலங்களில் விதிக்கப்பட்டன. 2017 ஜூலை 1 முதல் அதன் ஏற்றுமதிக்குத் தடையே வந்தது. இவற்றின் பயனாக ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரம் தளவாடத் தொழிலின் தலைநகரம் என்னும் பெயரைப் பெற்றது. நம் நாடு ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் ஏறத்தாழ 5-இல் 4 பங்கு ரப்பர் மரத்தால் ஆனவை. காட்டு மரத்தின்மேல் விழும் கோடரியின் வேகமும் அந்த அளவுக்குத் தணிந்தது. நட்டு வளர்த்து, பால் எடுத்து, முதிர்ந்த பின் வெட்டிய மரத்தைப் பயன்படுத்துவதால் காட்டுக்குக் கேடில்லை அன்றோ?

குறி தவறியது எங்கே?

வெற்றியை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது நன்றன்று. 2009-இல் வெளியிடப்பட்ட தேசிய மரத் தொழில் கொள்கை, 2020-க்குள் ஆண்டுக்கு 5,300 கோடி ரிங்கிட் பெறுமானமுள்ள மரப் பொருள்களை ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2020-இல் கிட்டியது ஏறத்தாழ 2,200 கோடி ரிங்கிட்டே. இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. அவ்வாண்டு பெருந்தொற்று வந்தது உண்மைதான். ஆயினும் குறைபாடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது மரத் தட்டுப்பாடு. 1980களின் தொடக்கத்தில் நம் நாட்டில் ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டர் நிலத்தில் ரப்பர் இருந்தது. பின்னர் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1988-இல் 16 இலட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் உற்பத்தி செய்த நாடு, 2023-இல் 4 இலட்சம் டன்னுக்கும் குறைவாகவே உற்பத்தி செய்தது. பெருந்தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டில் குலை தள்ளும். ரப்பர் மரம் கத்தி வைக்கும் பருவத்தை அடைய ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். செம்பனைக்கு ஆள்களும் குறைவாகவே வேண்டும். ஆகவே கணக்குப் பார்த்த தோட்ட நிறுவனங்கள் ரப்பரைக் கைவிட்டன. இன்று எஞ்சியுள்ள ரப்பர் நிலத்தில் 10-இல் 9 பங்குக்கும் மேல் சிறு தோட்டக்காரர்களுக்குச் சொந்தமானது.

இத்தட்டுப்பாட்டை முன்கூட்டியே உணர்ந்த அரசாங்கம், 2000களின் நடுப்பகுதியில் மரவளத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பாலும் தந்து பருத்த மரமும் தரும் ரப்பர் இனம், அக்காசியா, தேக்கு, பத்தாய் உள்ளிட்ட எட்டு வகை மரங்களை நடுவதற்கு எளிய தவணைக் கடன் வழங்கப்பட்டது. 15 ஆண்டுகளில் 3,75,000 ஹெக்டர் என்பது குறி. காலம் கடந்தும் அக்குறி நிறைவேறவில்லை. மரம் வளர ஆண்டுகள் பல ஆகும். நட்டவர் அதுவரை உண்பதற்கு வழி வேண்டும். இதனைக் கருதாத திட்டம் விரைந்து பலன் தருவதில்லை.

வெளியிலிருந்தும் இடர்கள் வந்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா மலேசியப் பொருள்களின்மீது 19 விழுக்காட்டு இறக்குமதி வரியை விதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் மெத்தை வைத்த மரத் தளவாடங்களுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் அது விதித்த தனி வரி நடைமுறைக்கு வந்தது. நம் தளவாடங்களை மிகுதியாக வாங்கும் நாடு அதுவாகையால், மூவாரின் பட்டறைகள் கவலை கொண்டன. வாங்குபவர் தும்மினால் விற்பவருக்குக் காய்ச்சல் வருவது வணிகத்தின் இயல்பு.

வேரும் கிளையும்

இப்போது நாம் மிகவும் கருதிப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகின்றோம். ரப்பர்ப் பலகையை வெளிநாட்டுக்கு விற்கக்கூடாது என்று தடுத்தால், உள்நாட்டு ஆலைக்கு நன்மை. ஆனால் வாங்குவோர் தொகை குறைந்தால் போட்டி குறையும். போட்டி குறைந்தால் விலையும் இறங்கும். மரத்துக்கு நல்ல விலை கிட்டாத நிலத்துக்காரர், மறுநடவின்போது ‘மீண்டும் ரப்பரா?’ என்று தயங்குவார், செம்பனைக்குச் செல்வார். அவர் செம்பனைக்குச் சென்றால், 25 ஆண்டுகளுக்குப் பின் ஆலைக்கு மரம் இல்லை. இன்று கிளைக்கு ஊற்றிய நீர், நாளை வேரை வாடச் செய்யலாம். ஆலைக்கு அளிக்கும் பாதுகாப்பும் தோட்டத்துக்கு அளிக்கும் ஊக்கமும் ஒரே தராசின் இரு தட்டுகள். ஒன்றை மட்டும் தாழ்த்தினால் தொழில் நிலைக்காது.

கையுறைத் தொழிலும் இதே பாடத்தைத் தருகின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் வாங்கிய கையுறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை நம் நாட்டில் செய்யப்பட்டவை. ஆலைகள் அதுவரை கண்டிராத இலாபம் ஈட்டின. ஆயின் அக்கையுறைகளில் பெரும்பகுதி செயற்கை ரப்பரால் ஆனவை. இயற்கைப் பாலில் செய்தவற்றுக்கும் தாய்லாந்திலிருந்து வந்த பாலே பெரிதும் பயன்பட்டது. ஆகவே கையுறைக்கு வந்த பொற்காலம் நம் பால் வாளிக்கு முழுமையாக வந்து சேரவில்லை. தொற்று தணிந்ததும் தேவை சரிந்தது. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் சில ஆலைகள் கதவடைத்தன. வேலை இழந்தோர் பலர். ஏறும்போது நம்மை எண்ணாத தொழில், இறங்கும்போது மட்டும் நம் கூலியைக் குறைத்துத் தாங்கச் சொல்வது முறையாகாது.

நிபந்தனையோடு கூடிய ஆதரவு

நலிந்த தொழிலுக்கு உதவுவது அரசாங்கத்தின் கடமையே. அவ்வுதவி மக்களின் வரிப்பணத்திலிருந்து வருவதால், அது தொழிலாளியின் வேலையையும் காக்க வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்த சம்பள உதவித் திட்டம். நடமாட்டக் கட்டுப்பாட்டினால் வருவாய் இழந்த நிறுவனங்களுக்கு, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து, ஒரு தொழிலாளிக்கு மாதம் 600 முதல் 1,200 ரிங்கிட் வரை சொக்சோ வழியாக வழங்கப்பட்டது. உதவி பெறும் முதலாளி அத்தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பது நிபந்தனை. உதவி முதலாளிக்கு, காப்பு தொழிலாளிக்கு. இவ்வாறு பிணைக்கப்பட்ட ஆதரவே சிறந்த ஆதரவு எனலாம்.

ரப்பர் பயிரிடுவோருக்கும் ஆதரவு உண்டு. 1952-இல் ஏற்படுத்தப்பட்ட மறுநடவு நிதி, ஏற்றுமதியாகும் ரப்பரின்மீது தீர்வை பெற்று, அதையே மறுநடவுக்குத் திருப்பித் தந்தது. 1973 முதல் ரிஸ்டா அப்பணியைச் சிறு தோட்டக்காரர்களுக்காக ஏற்று நடத்துகின்றது. விலை வீழும்போது கைகொடுக்கும் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை 2015 முதல் வழங்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், கோப்பையில் உறைந்த கட்டிப்பாலுக்கான அதன் அடிப்படை விலை கிலோவுக்கு 2 ரிங்கிட் 70 காசிலிருந்து 3 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இஃது சிறு தோட்டக்காரர்களுக்கு உரியது. நாள் கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ பிறர் தோட்டத்தில் பால் வெட்டுவோர் இதனைப் பெற இயலாது. அவர்களுக்குக் காப்பாக நிற்பது குறைந்தபட்சச் சம்பளம். 2025 பிப்ரவரி 1 முதல், ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது மாதம் 1,700 ரிங்கிட் என வரையறுக்கப்பட்டது. மலிவான கூலியினால் மட்டும் உயிர் வாழும் தொழில், உண்மையில் நலிந்த தொழிலே. அதற்கு வேண்டிய மருந்து புதிய கருவியும் பயிற்சியுமேயன்றிப் பாட்டாளியின் பட்டினி அன்று.

நாம் செய்யத்தக்கவை

கொள்கையை வகுப்பது அரசாங்கத்தின் வேலை. அதனை அறிந்து பயன்கொள்வது நம் வேலை. நான்கு செய்திகளை மனத்தில் இருத்துவோமாக.

முதலாவது, வெட்டுக் கத்தி. பட்டையைக் கடந்து மரத்தில் காயம் படும்படி வெட்டினால், புதுப்பட்டை மேடுபள்ளமாக வளர்கின்றது. பால் குறைவதோடு, பலகையாக்க மிகவும் ஏற்ற அடித்தண்டும் முண்டு விழுந்து கெடுகின்றது. நேர்த்தியாக வெட்டும் பாட்டாளி, தெரிந்தோ தெரியாமலோ, இருபது ஆண்டுகளுக்குப் பின் வரும் தச்சனுக்கும் வேலை செய்து கொடுக்கின்றார். இத்திறனுக்கு மதிப்பு உண்டு; சம்பளப் பேச்சின்போது அதனைத் தயங்காமல் எடுத்துரைக்கலாம்.

இரண்டாவது, மறுநடவு. மரம் முதிர்ந்து தோட்டம் வெட்டப்படவிருக்கிறது என்றால், அடுத்து நடப்போவது யாது, நமக்கு எந்த வேலை, எத்தனை பேருக்கு வேலை என்று தொழிற்சங்கத்தின் வாயிலாக முன்கூட்டியே கேட்க வேண்டும். மரம் விழுந்த பின் கேட்பது வெள்ளம் வந்தபின் அணை போடுவதை ஒக்கும்.

மூன்றாவது, வேலை போனால் உரிமை போகாது. ஆள்குறைப்பு நேர்ந்தால், 1980-ஆம் ஆண்டின் வேலை முடிப்பு, ஆள்குறைப்பு நலன் விதிகளின்படி, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து உழைத்தவருக்கு இழப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த சேவைக்கு, ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இதனைத் தவிர, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டத்தில் நம் சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கப்படுகின்றது. வேலை இழந்த 60 நாள்களுக்குள் சொக்சோவிடம் விண்ணப்பித்தால், புதிய வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகையும் பயிற்சியும் பெறலாம். நாள் கடந்தால் உரிமை கைநழுவும். சம்பளச் சீட்டையும் வேலைநீக்கக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள், அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

நான்காவது, பிள்ளைகளின் கைத்திறன். மரத் தொழிலில் ஆள் பற்றாக்குறை நெடுநாளாக இருந்து வருகின்றது. வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பியே பல பட்டறைகள் இயங்குகின்றன. ஆனால் கணினி வழி இயங்கும் அறுவைப் பொறியை இயக்குபவர், வடிவமைப்பாளர், பலகை உலர்த்தும் நுட்பம் தெரிந்தவர் ஆகியோர்க்குத் தேவை உண்டு. சிலாங்கூரில் பந்திங் அருகே மரத் தொழில் வாரியம் நடத்தும் விஸ்டெக் பயிற்சி மையம் இத்தகைய கலைகளைக் கற்பிப்பதற்கென அமைந்தது. ஐந்தாம் படிவத்தோடு வீட்டில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் இவ்வழியை எடுத்துக் கூறுங்கள். தந்தை பால் எடுத்த மரத்தில் மகள் தளவாடம் வடிக்கும் நாள் வருமாயின், அதுவே மெய்யான வளர்ச்சி.

அன்பர்களே! நலிந்த தொழிலைத் தூக்கி நிறுத்துவது தேர் இழுப்பதைப் போன்றது. அரசாங்கம் வடத்தின் ஒரு முனையைப் பிடிக்கலாம். ஆலைக்காரர் ஒரு முனையைப் பிடிக்கலாம். தோட்டத்தில் கத்தி பிடிக்கும் கை அதில் சேராவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேராது. அந்தக் கைக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் மதிப்பும் கிடைக்கும்போதுதான், யானையைப் போலவே ரப்பர் மரமும் இருந்தாலும் பொன், வீழ்ந்தாலும் பொன் என்று நாம் மனநிறைவோடு சொல்ல முடியும்.